குளக்கரையில் காத்திருப்பவர்களுக்கு

அன்புள்ள வாசகர்களுக்கு,

பறவைப் படங்கள் அனுப்பச் சொல்லிக் கேட்ட நாளிலிருந்து படங்களோடு சேர்ந்து கேள்விகளும் வந்துகொண்டே இருக்கின்றன. எந்த லென்ஸ் வாங்கலாம்? எந்தச் சரணாலயத்துக்குப் போனால் நல்ல படம் கிடைக்கும்? விடுமுறையில் கபினிக்குப் போவதா, பரத்பூருக்குப் போவதா? எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. இந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். உங்கள் ஊருக்குள் இருக்கும் குளத்துக்குப் போங்கள். ஒருமுறை போனால் போதாது. அதே குளத்துக்கு, அதே கரைக்கு, திரும்பத் திரும்பப் போங்கள்.

காட்டுக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கான ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. பறவைப் படம் எடுக்கக் கற்பவருக்கு நகரத்துக் குளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று உண்மையாகவே நம்புகிறேன்.

கோவையை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் சமவெளிக்கு இறங்கியதும், அதன் தண்ணீரை வாய்க்கால் வழியே திருப்பிக் குளம் குளமாக நிரப்பினார்கள் முன்னோர். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று அந்த வரிசை நீளும். எல்லாம் பாசனத்துக்காக உண்டானவை. வயல்கள் மனைகளாகிவிட்டன, குளங்கள் மட்டும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. பெரியகுளத்தைச் சுற்றி இன்று நடைபாதை, இருக்கைகள், விளக்குகள். வாலாங்குளத்தை ஒட்டி ரயில் போகிறது. ஏறத்தாழ 288 ஏக்கர் பரப்புள்ள சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது.

இந்தச் சத்தத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில்தான் கூழைக்கடாக்கள் மீன் பிடிக்கின்றன. தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மட்டுமே வாழும் பறவை அது. அச்சுறுத்தலை நெருங்கிய இனங்களின் பட்டியலில் இருப்பது. உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே போய் அதைப் பார்த்துவிடலாம். சங்குவளை நாரை, நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒரே காலையில் பலவற்றைப் பார்க்க முடியும். குளிர்காலத்தில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இமயமலைக்கு அப்பாலிருந்து வந்து சேர்கின்றன. இந்த மார்கழியில் அவை வந்திறங்கியிருக்கும்.

நகரத்துக் குளம் நல்ல பள்ளிக்கூடம் என்றேனே, அதற்குக் காரணம் பறவைகளின் பழக்கம். ஊருக்கு வெளியே உள்ள ஏரியில் வரப்பில் ஆள் தலை தெரிந்தாலே நீலத்தாழைக்கோழி சம்புக்குள் ஓடிவிடும். நகரத்தில் அதே பறவை, காலையும் மாலையும் நடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, இவர்கள் நம்மிடம் வருபவர்கள் அல்லர் என்று தெரிந்துவைத்திருக்கிறது. பாதையில் ஒரே சீராக நடந்து போகிறவரை அது பொருட்படுத்துவதில்லை. அவரே நின்று, திரும்பி, அதை உற்றுப் பார்த்தபடி ஓரடி முன்னே வைத்தால் உடனே கவனிக்கிறது. வாலை வெடுக்கென்று ஆட்டும். வாலடியில் இருக்கும் வெள்ளை பளிச்சிடும். அது பதற்றத்தின் அடையாளம். அந்த வெள்ளையைக் கண்டதும் நின்றுவிடக் கற்றவர் பாதிக் கலையைக் கற்றுவிட்டார்.

பதற்றத்தை ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் ஒன்றாகத் தலை தூக்கினால், நாரை கழுத்தை நீட்டி உடம்பை ஒடுக்கினால், நீர்க்காகம் காயவைத்த சிறகை மடக்கினால், நாம் போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போய்விட்டோம் என்று பொருள். அப்படியே உட்கார்ந்துவிடுவது நல்லது. உட்கார்ந்தால் நம் உருவம் சிறியதாகிவிடுகிறது. கால்மணியோ அரைமணியோ கழித்து அவை மறுபடி மேயத் தொடங்கும். படம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. துரத்திப் போய் எடுத்த படங்களில் பெரும்பாலும் பறவையின் முதுகுதான் இருக்கும். எங்களுக்கு வரும் படங்களில் முதுகுகள் நிறைய.

உட்காருவதால் இன்னொரு லாபமும் உண்டு. கரையில் நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படத்தில் பறவைக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் மட்டுமே தெரியும். நீர்மட்டத்துக்கு அருகே கேமராவைத் தாழ்த்தினால் பறவையின் கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் சந்திக்கும். பின்னணியில் எதிர்க்கரை தொலைவில் மங்கி, வெறும் பச்சையாகவோ பொன்னிறமாகவோ மாறிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் செய்யும் வேலையில் பாதியை வெறுமனே தரையில் உட்கார்வதே செய்துவிடுகிறது. கரைச் சரிவில் அரிசியோ மணலோ நிரப்பிய சிறு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால் முக்காலியும் வேண்டாம். வழுக்கும் கரையில் தண்ணீருக்கு ரொம்பவும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரும் படங்களில் பலவும் கெடுவது அங்கேதான். காலையில் கிழக்குக் கரையில் இருங்கள், மாலையில் மேற்குக் கரையில் இருங்கள். வெயில் உங்கள் முதுகில் பட வேண்டும், பறவையின் முகத்தில் விழ வேண்டும். கண்ணில் ஒரு துளி ஒளி மின்னினால் படத்துக்கு உயிர் வந்துவிடும். அது இல்லாவிட்டால் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாடம் செய்து வைத்த பறவை போலத் தெரியும். கொக்கு, கூழைக்கடா மாதிரி வெள்ளைப் பறவைகள் இருண்ட தண்ணீரின் முன்னால் நிற்கும்போது கேமரா ஏமாந்துபோகும். சுற்றிலும் இருட்டு என்று எண்ணி அதிக ஒளியை உள்ளே விட்டு, வெள்ளைச் சிறகை வெறும் சுண்ணாம்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்றிரண்டு படி குறைத்துக்கொண்டால் இறகின் வரிகள் தெரியும். வானத்தின் முன்னால் நிற்கும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாக, கூட்டி வைக்க வேண்டும். கருப்பு என்று நாம் நினைத்திருக்கும் அந்தப் பறவையின் முதுகில் வெண்கலப் பளபளப்பு இருப்பதை அப்போது பார்ப்பீர்கள்.

வெயில் ஏறிவிட்டால் மூட்டை கட்டிவிடலாம். தண்ணீரின் மேல் காற்று சூடாகி அலையாடத் தொடங்கியபின் தொலைவில் இருக்கும் எதையும் கூர்மையாக எடுக்க முடியாது. கேமராவில் கோளாறு என்று பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள்கூட இருக்கிறார்கள். கோளாறு காற்றில் இருக்கிறது.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும்: கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். நீண்ட ஜூம் உள்ள சிறு கேமராக்கள் நன்றாகவே உழைக்கின்றன. 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் நகரத்துக் குளத்தில் ஏறக்குறைய எல்லாம் எடுக்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். பறப்பதற்கு 2000-இல் ஒரு பங்கு, அதற்கும் மேலே.

அந்த வேகம் எதற்கு என்று தெரிய வேண்டுமானால் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைத் தேடுங்கள். வெண்மார்பு மீன்கொத்தி கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து காத்திருக்கும். இது அப்படியில்லை. தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். எதிர்க்காற்றின் உதவி இல்லாமல் இப்படி நிற்கக்கூடிய பறவைகளில் இதுதான் மிகப் பெரியது என்கிறார்கள் பறவையியலாளர்கள். உடம்பு முழுவதும் துடிக்க, தலை மட்டும் ஆணி அடித்தது போல அசையாது நிற்கும், அலகு செங்குத்தாகக் கீழே நோக்கியிருக்கும். படம் எடுப்பவருக்கு அந்தச் சில நொடிகள் பெரிய வரம். ஃபோகஸ் செய்ய நேரம் கிடைக்கிறது. பிறகு சிறகை ஒடுக்கிக்கொண்டு விழும். மீன் கிடைக்காவிட்டால் எழுந்து வேறோர் இடத்தில் மறுபடி நிற்கும். ஒரு மீன்கொத்தி எந்த வாய்க்கால் முகப்பில், எந்தக் கம்பத்தின் அருகே வேட்டையாடுகிறது என்பது பல நாள் போனவருக்குத் தெரிந்துவிடும். முதல்நாள் போனவர் குளம் முழுக்கத் தேடுவார். தெரிந்தவர் அது வரும் இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்திருப்பார். ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

பாம்புத்தாராவும் அப்படித்தான். உடலை முழுக்க நீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். அதன் கழுத்தெலும்பில் விசைபோன்ற ஒரு மடிப்பு இருக்கிறது. அதனால் ஈட்டி எறிவதைப்போல அலகை நீட்டி மீனைக் குத்துகிறது. குத்திய மீனை அப்படியே விழுங்க முடியாது. மேலே வந்து, உதறி, மேலே தூக்கிப் போட்டு, தலை முதலில் உள்ளே போகும்படி பிடித்து விழுங்கும். இல்லாவிட்டால் செதிலும் முள்ளும் தொண்டையில் மாட்டும். நம் குளங்களில் அது பெரும்பாலும் ஜிலேபி மீனாக இருக்கும். மீன் அந்தரத்தில் இருக்கும் கணத்தை எடுக்க எல்லாரும் ஆசைப்படுகிறோம். பாம்புத்தாரா நீருக்குள் போனதைப் பார்த்தவுடன் கேமராவை முகத்தோடு வைத்துத் தயாராக இருப்பவருக்கே அது கிடைக்கும். வெளியே வந்தபின் கேமராவைத் தூக்கினால் காலம் கடந்திருக்கும். பிறகு அது கட்டையின் மேல் ஏறிச் சிறகை விரித்துக் காயவைக்கும்போது ஆற அமர எடுக்கலாம். வாத்தின் சிறகைப்போல அதன் சிறகு தண்ணீரை முழுதும் தள்ளாது. நனைந்து கனத்தால்தான் நீருக்குள் எளிதாக மூழ்க முடியும். அதற்கு அது தரும் விலைதான் இந்தக் காத்திருப்பு.

இப்போது மனத்தை வருத்தும் ஒன்றையும் எழுத வேண்டும். கூடுகள்.

முக்குளிப்பான் மிதக்கும் தாவரங்களைக் குவித்துத் தண்ணீரிலேயே கூடு அமைக்கிறது. கூட்டை விட்டு இறங்கும்போது ஈரத் தழைகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் குப்பைக் குவியல். ஆனால் திடீரென்று ஆள் நெருங்கினால் மூட நேரமில்லாமல் நீரில் பாய்ந்துவிடும். முட்டைகள் திறந்து கிடக்கும். நகரத்தில் காகங்களுக்குப் பஞ்சமில்லை. நாம் படம் எடுத்துத் திரும்பிய பத்து நிமிடத்தில் கூடு காலியாகிவிடலாம், அது நமக்குத் தெரியவே தெரியாது. படம் அழகாக வந்திருக்கும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் சரியாகத்தான் சொல்கிறது.

கூட்டின் மேல் இருப்பதைவிட, குஞ்சுகள் நீருக்கு வந்தபிறகு முக்குளிப்பான் எத்தனை அழகு என்று பாருங்கள். வரிக்கோடு போட்ட தலையுடன் குஞ்சுகள் தாய் தந்தையின் முதுகில் ஏறி, சிறகுக்குள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சவாரி செய்யும். தொலைவிலிருந்தே எடுக்கலாம். யாருக்கும் தீங்கில்லை. அதேபோல அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும், கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவைப்பதையும், ரொட்டித் துண்டு போட்டுக் கூட்டம் சேர்ப்பதையும் கைவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த நீலச்சிறகிகள் பகலில் ஓய்வெடுக்கும் இடம் இது. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. ஒரு படத்துக்காக அவற்றை எழுப்பிவிடுவது அந்தச் சேமிப்பிலிருந்து திருடுவதாகும்.

தமிழில் இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். யானைகளைக் காட்டுக்குள் நடந்தே தேடிப் போய்க் கருப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல பாகங்களைத் தாமே பொருத்தி உருவாக்கிய கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இடைவிடாமல் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளையும் பற்றி எழுதியதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. அரிய உயிர், சாதாரண உயிர் என்ற பாகுபாடு அவர் எழுத்தில் இல்லை. இளம் வாசகர்கள் அவரைத் தேடிப் படிக்க வேண்டும்.

அரியதைத் தேடும் ஆசையில் நாம் எதைத் தவறவிடுகிறோம் என்று ஒரு சிறு உதாரணம். மடையான். எல்லாக் குளத்திலும் இருக்கும். மண்ணோடு மண்ணாகத் தவிட்டு நிறத்தில் குந்தியிருக்கும். எழுந்து பறந்தால் வெள்ளை வெளேர் என்று சிறகு விரியும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகி, பார்த்தவர் வேறு பறவையோ என்று ஐயப்படுவார். நீளவால் இலைக்கோழியும் இப்படித்தான். குளிர்காலத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வால் இல்லாமல் இலைகளின் மேல் நடக்கும். இனப்பெருக்கக் காலத்தில் பார்த்தால் கரிய நீண்ட வாலும் பொன்னிறப் பிடரியும் வந்திருக்கும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அங்கே ஆணின் வேலை. ஆண்டு முழுக்க ஒரே குளத்துக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு கோலமும் கிடைக்கும்.

பறவை ஒன்றே குளம் ஆகாது. கரைக் கற்களில் வெயில் காயும் தண்ணீர்ப்பாம்பு, ஆகாயத்தாமரைக்குள் புகுந்து வெளிவரும் கீரி, புல் நுனியில் உட்காரும் தும்பி எல்லாம் உங்கள் கேமராவுக்காகக் காத்திருக்கின்றன. தண்ணீர்ப்பாம்பு சீறும், கடிக்கவும் செய்யும், ஆனால் நஞ்சில்லாதது. கல்லால் அடித்துக் கொல்பவர்களிடம் அதன் நல்ல படம் ஒன்றைக் காட்டிப் பேசுவதால் பயன் உண்டு. மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பியை, பான்டலா ஃப்ளேவசன்ஸ் என்று அறிவியல் அழைப்பதை, நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தத் தும்பிகள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். விரல் நீளமே உள்ள உயிர் அது.

வருகிற படங்களில் இன்னொன்றையும் கவனித்தேன். நகரத்தை வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். மின்கம்பம், மேம்பாலம், அடுக்குமாடி, பரிசலில் வலை இழுப்பவர், ரயில் எதுவும் படத்தில் வராமல் ஒதுக்கி, ஏதோ அடர்காட்டு ஏரிபோலக் காட்டுகிறீர்கள். நெருக்கமான படம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதோடு கொஞ்சம் பின்வாங்கி, கூழைக்கடா நீந்தும்போது பின்னால் ரயில் போவதையும் எடுங்கள். நெகிழிப் பைகளுக்கு இடையே இரை தேடும் நெடுங்கால் உள்ளானையும் எடுங்கள். அந்தப் பறவை வாழும் இடம் அது. அதை மறைத்தால், குளத்துக்காகப் பேச வேண்டிய படம் வாயை மூடிக்கொண்டுவிடுகிறது.

குளங்களை அழகுபடுத்தும் பணி தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் நடக்கிறது. மக்கள் குளக்கரைக்கு வருவது நல்லது, நடைபாதை வேண்டும். ஆனால் கரை முழுவதையும் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டிவிட்டால் ஓரத்துச் சேறு போய்விடும். உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் மேய்வது விரற்கடை ஆழத் தண்ணீரும் ஈரச் சேறும் உள்ள அந்த விளிம்பில்தான். சம்பையும் கோரையையும் குப்பை என்று எண்ணி முழுக்க வழித்துவிட்டால் தாழைக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் மறைவிடம் இல்லை. இரவெல்லாம் வண்ண விளக்கு எரிந்தால் வக்காக்கள் இரை தேட இருட்டு இல்லை. இதையெல்லாம் வாயால் சொன்னால், இங்கே எப்போது பறவை இருந்தது என்று கேட்பார்கள். தேதியும் இடமும் குறித்த உங்கள் படம்தான் அதற்குப் பதில்.

அந்தப் பதிலைச் சேர்த்துவைக்க வழி இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஈபேர்ட்’ தளத்தில் பறவைப் பட்டியலோடு படத்தையும் சேர்க்கலாம். அவை அங்குள்ள மெக்காலே நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். கரும்பும் மஞ்சளும் வாங்கிவிட்டு வரும் வழியில் குளக்கரையில் ஒரு கால்மணி இருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் படமெடுக்கலாம்.

அடுத்த இதழில் ‘எங்கள் ஊர்க் குளம்’ என்ற தலைப்பில் உங்கள் படங்களுக்காகவே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அலைபேசியில் எடுத்ததும் சரிதான். ஒரே குளத்தில் வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களை வரிசையாக அனுப்புகிறவர்களுக்கு முதலிடம். ஒவ்வொரு படத்தோடும் குளத்தின் பெயர், தேதி, நேரம், பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம். உங்கள் ஊரில் அந்தப் பறவையை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் எழுதினால் மிகவும் மகிழ்வேன். கூடு, முட்டை, கண் திறக்காத குஞ்சு உள்ள படங்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியிட மாட்டோம். தை மாதக் கடைசிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்